தலை மட்டும் நுழைந்த பொந்து

குழந்தைகளே, மூங்கிலும் தேக்கும் முட்டி மோதிக்கொண்டு வளர்ந்த ஒரு காட்டில் செங்கொண்டை என்றொரு மரங்கொத்தி இருந்தது. பொந்து கொத்துவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. யார் கூப்பிட்டாலும் ஓடும். 'டொக் டொக் டொக்' என்று கொத்தித் தள்ளும். கூலி ஒரு கொத்து அத்திப் பழம், அவ்வளவுதான்.

அந்த ஒரு கொத்தைக்கூட யாரும் கொடுத்ததில்லை, அதுதான் வேடிக்கை!

"இத்தனூண்டு பொந்துதானே அண்ணே, கூலி எங்கே ஓடிவிடப் போகிறது?" என்று அணில் நழுவும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று ஆந்தை கண்ணை மூடிக்கொள்ளும். தேக்கையே துளைக்கிற அலகு, கூலி கேட்க மட்டும் திறக்காது. அத்தனை கூச்சம் செங்கொண்டைக்கு!

ஒரு நாள் மேற்கே மேகம் கருத்துத் திரண்டது. காடே பரபரத்தது. பகலெல்லாம் ஊரார் வேலை பார்த்துவிட்டு வெறும் அலகோடு செங்கொண்டை வீடு திரும்பியது. குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின.

"காட்டுக்கெல்லாம் வீடு கொத்துகிறீர்கள். நம் பிள்ளைகள் வாயில் என்ன விழுந்தது?" என்று அதன் மனைவி மின்னி பிடித்துக்கொண்டது. "மழை தொடங்கிவிட்டால் இரை தேடவும் வழியில்லை. இன்றைக்காவது வாயைத் திறந்து கேளுங்கள்!"

செங்கொண்டைக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் பவளமூக்கி என்ற கிளி படபடவென்று வந்து இறங்கியது. ஓயாமல் பேசுகிற கிளி அது.

"அண்ணே, அண்ணே, ஓடி வாருங்கள்! மழைக்கு முன்னால் எனக்கு ஒரு பொந்து வேண்டும். கூலியை அப்புறம் சேர்த்தே தந்துவிடுகிறேன்!"

செங்கொண்டை போனது. டொக் டொக் டொக்! மரத்தூள் பறந்தது. கிளியின் தலை நுழையும் அளவுக்குப் பொந்து ஆனதும் சட்டென்று நிறுத்திவிட்டது.

"என்ன அண்ணே, நின்றுவிட்டீர்கள்?"

"இது தலைக்கு. கூலி வந்தால் உடம்பும் நுழையும்" என்றது செங்கொண்டை. அதைச் சொல்லும்போதும் கிளியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சின்ன வேலைக்கு இவ்வளவு கறாரா? போங்கள், மீதியை நானே கொத்திக்கொள்கிறேன்!" என்று கிளி மரத்தைக் கொத்தியது. பழம் கடிக்கிற அலகு தேக்கை என்ன செய்யும்? வலிதான் மிச்சம்.

அதற்குள் சோவென்று கொட்டியது மழை! கிளி பாய்ந்து போய்ப் பொந்துக்குள் தலையை விட்டது. தலை காய்ந்திருந்தது. மற்றதெல்லாம் வெளியே தொங்கியது. பச்சை வாலிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து அணில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"ஐயோ, என் வால்! என் வால் நனைகிறதே!" என்று பொந்துக்குள்ளிருந்து ஒரே கூச்சல்.

செங்கொண்டைக்கு மனம் இளகிவிட்டது. அலகு தானாகவே மரத்தை நோக்கிப் போனது. ஆனால் குஞ்சுகளின் பிளந்த வாய்கள் கண்முன் வந்தன. இறக்கையை மடக்கிக்கொண்டு நின்றது.

"பழம், பவளமூக்கி."

கிளி தலையை உருவிக்கொண்டு பறந்தது. ஒரு கொத்து அத்திப் பழத்தோடு வந்து மின்னியிடம் கொடுத்தது. குஞ்சுகள் விழுங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! செங்கொண்டைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'டொக் டொக் டொக்' என்று கொட்டுகிற மழையிலேயே பொந்தை முடித்துக் கொடுத்துவிட்டது.

கிளிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மழை விட்டதும் மரத்துக்கு மரம் தாவித் தாவிக் கத்தியது. "கேட்டீர்களா அநியாயத்தை! அந்தச் செங்கொண்டை மகா கறார்! கூலி இல்லாமல் ஒரு கொத்துக்கூடக் கொத்தாதாம்!"

மறுநாள் காலையில் செங்கொண்டை வீட்டு வாசலில் பெரிய வரிசை. எல்லார் வாயிலும் அத்திப் பழம்! முன்னால் நின்றது அணில். நேற்றைய மழையில் அதன் பழைய பொந்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம்.

செங்கொண்டை அலகைத் தீட்டிக்கொண்டே கேட்டது: "முதலில் பழைய பாக்கியா, புதுப் பொந்தா?"

இரண்டு கன்னமும் உப்பும்படி பழத்தை அடைத்திருந்ததால், அணிலால் ஒரு சாக்கும் சொல்ல முடியவில்லை.

நீதி: வேலை சிறிதானாலும், அதற்குரிய கூலியைக் கூசாமல் கேட்டு வாங்கு.