விரல் நக்கிய பூனை

மதியமானால் சுவர்கள்கூடத் தூங்கிவிடுகிற ஒரு ஜமீன் மாளிகை இருந்தது. புரட்டாசி மாதம் என்பதால் அங்கே யாரும் மீனைத் தொடவில்லை. ஜமீன்தாரின் பூனைக்கு மட்டும் தினமும் மீன்குழம்புச் சோறு வைத்தார்கள். ஆனாலும் பூனை இளைத்துக்கொண்டே போனது.

"ஈரச் சோறு அதற்கு ஆகவில்லை, எஜமான். அதைக் கொட்டிவிட்டு நானே காய்ந்த பொரி போடுகிறேன்" என்றார் விரதம் இருந்த திவான்.

"ஈரச் சோறு அதன் வாய்க்குப் போனால் தேறிவிடும், சாமி" என்றாள் பூனையைப் பார்த்துக்கொள்ளும் செவ்வந்தி.

"அதைப் பூனையே சொல்லட்டும். சொல்லாவிட்டால் இன்றோடு உனக்கு வேலை இல்லை" என்று திவான் சிரித்தார். ஊஞ்சலில் கண் சொக்கியிருந்த ஜமீன்தாரும் தலையாட்டினார்.

"சொல்லும், சாமி. திவான் ஐயா சாப்பிட்டுவிட்டு வரட்டும்."

தூறல் சத்தத்தில் மாளிகை கனவுபோல் மிதந்தது. திவான் ஏப்பம் விட்டபடி வந்து உட்கார்ந்ததும், செவ்வந்தி பூனையை இறக்கிவிட்டாள். அது மேகம் நகர்வதுபோல் நடந்து, திவான் வைத்திருந்த பொரிக் கிண்ணத்தைத் தாண்டி, திவானின் மடியில் ஏறி, அவருடைய வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது.

ஜமீன்தார் எழுந்து வந்து அந்தக் கையை முகர்ந்தார். "புரட்டாசியில் இது என்னய்யா வாடை?"

திவான் கையை இழுத்து அவசரமாக வேட்டியில் துடைத்தார்.

"பூனை சொல்லிவிட்டது, சாமி" என்றாள் செவ்வந்தி. "ஈரச் சோறு உடம்புக்கு நல்லதுதான். திவான் ஐயாவின் தொந்தியைப் பாருங்கள்."