கயிறு எட்டாத இடம்

"உங்களைக் கடல்ல விட்டுட்டா நான் எங்கே வந்து விழுந்து கும்பிடுவேன், சாமி?"

கேட்டுவிட்டுப் பொன்னம்பலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் சீடர், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். தொழில் கொத்து வேலை. கடற்கரை மடத்தின் பின்னால் குருவுக்கென்று சமாதிக் குழி தோண்டி, நாலு பக்கமும் கருங்கல் பதித்து வைத்திருந்தார். குரு உயிரோடு இருக்கும்போதே. அவ்வளவு பாசம், கொஞ்சம் அவசரமும்தான்.

குரு பாயில் படுத்திருந்தார். நோய் அவரைப் பாதியாக்கியிருந்தது.

"குழி நல்லா வந்திருக்கு, அண்ணாச்சி. மழைத்தண்ணி சேத்து வைங்க. எனக்குக் கடல் போதும்."

"சன்னியாசியை உட்கார வெச்சு, உப்பும் விபூதியும் கொட்டி மூடணும். அதுதானே முறை?"

"கடல்ல உப்புக்கா பஞ்சம்?"

பொன்னம்பலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

"விளக்கேத்த ஒரு கல்லாவது வேணாமா? உங்களை எங்கேன்னு தேடுவேன்?"

குரு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொண்டு போய் விடுங்க. அதுக்கப்புறமும் இதே கேள்வி இருந்தா, என்னைத் திட்டுங்க."

அந்த வாரமே குரு போய்விட்டார்.

மீனவன் மிக்கேலின் படகில் உடலை ஏற்றினார்கள். காவித் துணியில் சுற்றி, சமாதிக்கென்று செதுக்கிய கருங்கல்லையே காலில் கட்டினார் பொன்னம்பலம். கரை மறைந்த பிறகும் படகு வெகுதூரம் போனது.

"இங்க நல்ல ஆழம், கொத்தனாரே," என்றான் மிக்கேல்.

பொன்னம்பலம் பலகைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கயிற்றுச் சுருளை இழுத்தார். ஊரில் கிடைத்த கயிற்றையெல்லாம் முடிச்சுப் போட்டுச் சேர்த்தது. ஒரு முனையில் மிதவை, மீன்கூண்டு போடுகிறவர்கள் அடையாளத்துக்குக் கட்டுவது. மறுமுனையைக் கருங்கல்லோடு இறுக்கிக் கட்டினார்.

"இது எதுக்கு?"

"இடம் தெரிய வேணாமா?"

மிக்கேல் ஏதோ சொல்ல வந்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உடலின் தலைப்பக்கம் போய் நின்றான்.

இருவருமாக உடலை இறக்கினார்கள். கடல் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

கயிறு ஓடியது.

பொன்னம்பலத்துக்கு ஆழம் புதிதல்ல. கிணறும் அஸ்திவாரமும் தோண்டியே தலை நரைத்தவர். இப்போது நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று பார்த்தார்.

கயிறு ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசிச் சுருளும் அவிழ்ந்தது. மிதவை துள்ளி நீரில் விழுந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு அதுவும் உள்ளே போய்விட்டது.

அவர் படகின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தார்.

"அடியே இல்லையா, மிக்கேலு?"

"இருக்கு. நம்ம கயிறுதான் பத்தல."

மிக்கேல் எஞ்சின் பக்கம் போய் உட்கார்ந்தான்.

"திரும்பலாமா, கொத்தனாரே?"

பொன்னம்பலம் ஒருநாளும் குருவுக்கு முதுகு காட்டியதில்லை. மடத்தை விட்டு வெளியே வருவதென்றாலும் பின்னுக்கு நடந்தே வாசலுக்கு வருவார். இப்போதும் மிதவை மறைந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார நினைத்தார். எந்த இடம்? படகு அதற்குள் நகர்ந்துவிட்டிருந்தது.

எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தார். முன்னால் நீர். பின்னால் நீர். வானம் வந்து தொடுகிற வரைக்கும் நீர். நீர்மேல் ஒரு கோடு இல்லை, ஒரு தடம் இல்லை. இவ்வளவு பெரிதாக எதையும் அவர் பார்த்ததில்லை.

மிக்கேல் எஞ்சினைக் கிளப்பினான். படகு உறுமிக்கொண்டு பாய்ந்தது.

பொன்னம்பலம் பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"மெதுவா விடு, மிக்கேலு," என்றார், குரலைத் தாழ்த்தி. "இன்னும் சமாதிக்குள்ளதான் இருக்கோம்."