கல்யாணப் பாயின் சிவப்பு ஓரம்

அந்தக் காலத்தில் முயல் பேசும். நரி பேசும், கொக்கு பேசும், மனுசனும் அவற்றோடு சரிக்குச் சரி நின்று பேசுவான். எல்லோருக்கும் வாய் இருந்தது. பேச வேண்டிய நேரத்தில் அதைத் திறந்தவர்கள்தான் குறைவு.

ஆற்றோரத்தில் ஒரு கோரைக்காடு இருந்தது. உள்ளே ஆள் நின்றால் தலை தெரியாது. அந்தக் கோரையை அறுத்து, கீறி, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்துப் பாய் நெய்வதுதான் கரையில் இருந்தவர்களின் பிழைப்பு. அவர்களில் கொம்பையாவின் கை நல்ல கை. அவன் நெய்த பாய் துணி மாதிரி மடங்கும். கைதான் அப்படி. பொறுமை என்பது அவனிடம் மருந்துக்கும் கிடையாது.

கோரை அறுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அரிவாளைக் கையில் எடுக்கும் முன்பு, நீளமான கம்பு ஒன்றால் கோரையைத் தட்டிக்கொண்டே காட்டைச் சுற்றி வர வேண்டும். "எழும்புங்க, எழும்புங்க, அறுக்கப் போறோம்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். உள்ளே குடியிருக்கும் காடையும் கீரியும் முயலும் பிள்ளைகுட்டியோடு வேறு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். அதன் பிறகுதான் அறுப்பு.

அந்த வருசம் கொம்பையா தட்டவில்லை. மகள் ஆவுடைக்குக் கல்யாணம் கூடியிருந்தது. கல்யாணப் பாய் நெய்தாக வேண்டும். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. "ஒரு தடவை தட்டாட்டா யாரு குடி முழுகிரப் போவுது" என்று சொல்லிக்கொண்டே நேராக அரிவாளைப் போட்டான்.

முயலின் குடி முழுகியது.

கோரைக்காட்டின் நடுவில், தண்டுகளை வளைத்து, ஒன்றின் கீழ் ஒன்றைச் செருகி, ஒரு தாய் முயல் வீடு கட்டி வைத்திருந்தது. குட்டி போடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வயிற்றுக்கு ஏதாவது தேடலாம் என்று, தட்டினால் காதில் விழுகிற தூரத்தில் இருந்த கடலைக்காட்டுப் பக்கம் போயிருந்த நேரத்தில்தான் கொம்பையா வந்து போயிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால் வீடும் இல்லை, காடும் இல்லை. அறுத்த கோரையின் அடிக்கட்டைதான் நிற்கிறது. தண்ணீரில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு நின்றது.

"என் வீடு எங்கே?" என்றது முயல்.

"கொம்பையா தட்டாமலே அறுத்துக் கட்டித் தூக்கிட்டுப் போயிட்டான்."

"நீ பாத்துக்கிட்டா நின்னே?"

"முழுசாப் பாத்தேன்."

"உள்ள ஒருத்தி வீடு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என் வாயில மீனு இருந்துச்சு தாயி" என்றது கொக்கு.

கொக்கின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. அது கிடக்கட்டும்.

முயல் அழவில்லை. அறுத்த கோரையின் வாசம் போன வழியிலேயே மூக்கை ஆட்டிக்கொண்டு போனது. வாசம் கொம்பையாவின் வீட்டு வாசலில் நின்றது. அவன் வீட்டுக்காரி மாடத்தி உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்க இடம் இல்ல. ஒரு மூலை கிடைக்குமா?" என்று முயல் கேட்டது.

மாடத்தி அதன் வயிற்றைப் பார்த்தாள். "வா ஆத்தா. மூலைக்கா பஞ்சம்?" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம், உன் புருசன் என் வீட்டை அறுத்துவிட்டான் என்று. முயல் சொல்லவில்லை. தன்னைத் தட்டி எழுப்பக்கூட மனம் இல்லாதவன் வீட்டில் தான் எதற்கு வலிய வாய் திறக்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்துவிட்டது. அந்த வைராக்கியத்தில் தப்பு ஒன்றும் இல்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆவுடை கீரைத்தண்டு கொடுத்தாள். முயல் அவள் மடியில் ஏறிப் படுத்தது. ஆனால் வீட்டில் எந்தப் பாயை விரித்தாலும், ஆள் அந்தப் பக்கம் திரும்பியதும், முயல் ஓரத்தில் வந்து உட்கார்ந்து இரண்டு முன்னங்காலாலும் பிறாண்டும். பிறகு நறுக் நறுக்கென்று கடிக்கும். கொம்பையா தூங்கி எழுந்தால் தலைமாட்டில் பாய் அரையடி குறைந்திருக்கும்.

"ஏளா, இந்த முயல் பாயைத் திங்குது" என்று கத்தினான்.

"வயித்துப்பிள்ளைக்காரி. வாய்க்கு என்னமோ கேக்குது. விடுங்க" என்றாள் மாடத்தி.

அவன் விடவில்லை. பாயின் நாலு மூலையிலும் கல்லை வைத்தான். முயல் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கடித்தது. காலில் கயிறு கட்டினான். முதலில் கயிற்றைக் கடித்துவிட்டு அப்புறம் பாயைக் கடித்தது. வேப்பெண்ணெய் தடவினான். வீடு நாறியதுதான் மிச்சம். கடைசியில் மிளகாயை அரைத்துப் பாயின் ஓரம் முழுக்கப் பூசினான். பூசிவிட்டு, பூசியதை மறந்து, மத்தியானச் சோறு தின்ற களைப்பில் அதே பாயில் சட்டையில்லாமல் படுத்தான்.

சற்று நேரத்தில் ஊரே கேட்கிற மாதிரி ஓர் அலறல். கொம்பையா ஆற்றில் குதித்ததைப் பார்த்தவர்கள், அவன் அவ்வளவு வேகமாக ஓடி அதுவரை பார்த்ததில்லை என்றார்கள். ஆவுடை சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாள்.

"சிரிளா, சிரி. உன் கல்யாணப் பாயில வாய வச்சா அப்பத் தெரியும்" என்றான் கொம்பையா, முதுகில் மோரை ஊற்றிக்கொண்டே.

அதைக் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றது.

அந்த ஊரில் கல்யாணம் என்றால், பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே பாயில் எதிரெதிரே உட்கார்ந்து வெற்றிலை மாற்ற வேண்டும். அந்தப் பாய் பெண்ணின் அப்பன் கையால் நெய்ததாக இருக்க வேண்டும். அதில் ஒரு கோரை அறுந்திருந்தாலும் உட்காரமாட்டார்கள். எழுந்து போய்விடுவார்கள். ஆவுடைக்கு வரப்போகும் மாமியார் வடிவாச்சி குறை கண்டுபிடிக்காத இடம் இல்லை என்று பேர் எடுத்தவள்.

கொம்பையா முயலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். "இந்தா பாரு. கல்யாணப் பாயைத் தொட்டே, வேலிக்கு வெளியே தூக்கி எறிஞ்சிருவேன். அங்க யாரு நிக்கான்னு உனக்கே தெரியும்."

வேலிக்கு வெளியே நரி நின்றது. "எதுக்கு அண்ணாச்சி என் பேரை இழுக்கிய? நான் சும்மா காத்து வாங்கத்தான் நிக்கேன்" என்றது.

முயல் அவனை நிமிர்ந்து பார்த்தது.

கல்யாணப் பாய் தறியை விட்டு இறங்கியது. கோரையை மயிர் மாதிரி மெல்லிசாகக் கீறி, நடுவில் சிவப்புச் சாயக்கோடு ஓட நெய்திருந்தான். வெயிலில் பிடித்தால் மினுங்கியது. மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பாயை வீட்டுக்குள் விரித்துப் போட்டுவிட்டு, கொம்பையா பந்தலுக்குக் கம்பு ஊன்றப் போனான்.

ஆவுடை உள்ளே வந்தபோது முயல் பாயின் ஓரத்தில் இருந்தது. வாயில் ஒரு கோரை நீட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் கையகலத்துக்குக் குதறியிருந்தது.

அப்பாவைக் கூப்பிட வாய் எடுத்தாள். அதற்குள் ஒன்றைக் கவனித்தாள். முயலின் வாய் அசையவில்லை. கோரையை அது தின்னவில்லை. கவ்விக்கொண்டு தாவித் தாவித் தானியக் குதிருக்குப் பின்னால் போனது. வெறும் வாயோடு திரும்பி வந்தது.

ஆவுடை குதிருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே, இத்தனை நாள் காணாமல் போன கோரை எல்லாம் இருந்தது. பழைய பாயின் வெள்ளைக் கோரை, இன்றைய மெல்லிசுக் கோரை, எல்லாம் வளைத்து ஒன்றின் கீழ் ஒன்றாகச் செருகி வட்டமாக இருந்தது. உள்ளே முயல் தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கி மெத்தை போட்டிருந்தது.

"என்ன இது?" என்று ஆவுடை கேட்டாள்.

அந்த வீட்டில் முயலிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதுவரை எல்லோரும் சொன்னார்கள், கத்தினார்கள், மிளகாய் பூசினார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

"என் வீடு" என்றது முயல். "உங்க அப்பன் தட்டாம அறுத்துக் கொண்டுவந்த என் வீடு. ஒவ்வொரு கோரையாத் திருப்பி எடுத்துக்கிட்டு இருக்கேன். நீயும் நாளைக்கு வேற வீட்டுக்குப் போறவதானே? போற இடத்துல வீடு இல்லாட்டா என்ன செய்வே?"

அப்போதுதான் கொம்பையா உள்ளே வந்தான். பாயைப் பார்த்தான். பந்தல் கம்பு கையில் இருந்தது. ஓங்கிக்கொண்டு குதிருக்குப் பின்னால் பாய்ந்தான்.

"எப்பா, அடிக்காதீய! மொதல்ல அதைப் பாருங்க!" என்று ஆவுடை குறுக்கே விழுந்தாள்.

பார்த்தான். பாய் நெய்கிறவன் இன்னொருவர் கைவேலையைப் பார்த்தால் அவன் கண் தானாக அதில் ஓடிவிடும். எங்கே செருகியிருக்கிறது, எங்கே மடக்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனவன், மயிர் பிடுங்கிச் சிவந்து கிடந்த முயலின் நெஞ்சைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"கோரை உன் சொத்தா?" என்று கேட்டான். குரலில் பழைய வேகம் இல்லை.

"உன் சொத்தா? ஆறு வளத்தது. நீ அறுக்கலாம், நான் குடியிருக்கலாம். தட்டியிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன் வே" என்றது முயல்.

மாடத்தி வாசலில் வந்து நின்றாள். "தட்டலையா நீங்க?" என்று கேட்டாள். அந்த ஊரில் அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது.

கொம்பையா ஓங்கிய கம்பை இறக்கி, தரையில் மெதுவாகத் தட்டினான். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. காலம் தப்பிய தட்டுதான். ஆனாலும் முயல் காதை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டது.

பிறகு அவன் அரிவாளை எடுத்தான். ஆவுடை முயலுக்கு முன்னால் போய் நின்றாள். ஆனால் அவன் போனது முயலிடம் இல்லை, பாயிடம். குதறிய இடத்தோடு சேர்த்து, கல்யாணப் பாயின் அந்த ஓரத்தை நெடுக ஒரே கோடாக அறுத்து எடுத்தான். தறியடியில் கிடந்த நுனிக்கோரையையும் அள்ளினான். அடுப்பெரிக்க வைத்திருந்தது அது. எல்லாவற்றையும் கொண்டுபோய் முயலின் முன்னால் வைத்தான்.

"கட்டி முடி" என்றான்.

முயல் முகர்ந்து பார்த்தது. "இது போதும். மூலையில எனக்குன்னு ஒரு கத்தைக் கோரை கிடக்கிற வரைக்கும் உன் பாயைத் தொடமாட்டேன். கிடக்காத அன்னைக்கு என்னைக் கேக்கப்படாது" என்றது.

"கேக்கமாட்டேன்."

"பழசை மறந்துட்டேன்னு நினைக்காதே."

"நினைக்கல" என்றான் கொம்பையா.

மாடத்தி பெட்டியைத் திறந்து தன் பழைய கூறைச்சேலையை எடுத்தாள். சிவப்புக் கரையைக் கிழித்து, அறுத்த ஓரத்தில் மடித்து வைத்துத் தைத்தாள். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நன்றாக இருக்காது என்று ஆவுடை மற்ற மூன்று பக்கமும் தைத்தாள்.

காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வடிவாச்சி உட்காரவில்லை. குனிந்து ஓரத்தைத் தடவினாள். "இது என்ன புதுசா? எதை மறைச்சுத் தைச்சிருக்கு?" என்றாள்.

ஆவுடைதான் பதில் சொன்னாள். "முயல் கடிச்சதை அறுத்து அதுக்கே வீடு கட்டக் கொடுத்திட்டோம் அத்தை. குதிருக்குப் பின்னால இருக்கு. வேணும்னா போய்ப் பாருங்க."

வடிவாச்சி போய்ப் பார்த்தாள். நேரமாகியும் வரவில்லை. மாப்பிள்ளை நெளிந்தான். கொம்பையா பந்தற்காலைப் பிடித்துக்கொண்டான். ஒரு வழியாக வெளியே வந்தவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சத்தம் போடாதீய. குட்டி போட்டிருக்கு. ஒண்ணுகூடக் கண்ணு திறக்கல, அதுக்குள்ள ஆத்தா வயித்தைத் தேடுது."

சொல்லிவிட்டுப் பாயில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஓரத்தை இன்னொரு முறை தடவினாள். "இப்படித் தைச்சா நுனி குத்தலை. எங்க வீட்டுக்கு வாற பாய்க்கும் இப்படியே தைச்சு அனுப்புங்க, சம்பந்தி" என்றாள்.

வெற்றிலை மாறியது.

முயல் அதற்குப் பிறகு மனுசனோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டது. மூக்கை மட்டும் ஆட்டும். மூலையில் கோரை கிடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது. கொம்பையாவும் அதன் பிறகு தட்டாமல் அரிவாளைத் தொட்டதில்லை.

அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்தான் இது: பாய்க்கு ஓரத்தில் துணி வைத்துத் தைக்கிறோம், முயல் வளர்க்கிற வீட்டில் முதலில் மூலையில் அதற்கு ஒரு கத்தை போட்டுவிட்டு அப்புறம்தான் நமக்குப் பாய் விரிக்கிறோம்.