மேக்ரோ எழுதி பஸ் ஏறிய நால்வர்

ஜெயங்கொண்டம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான்கு பேர் படித்தார்கள். அவர்களுக்கு கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் சி மொழி என்றால் உயிர். சி மொழிக்குத்தான் அவர்களைக் கண்டால் ஆகாது.

நால்வருக்கும் திருச்சிக் கம்பெனி ஒன்றில் காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. நால்வரில் ஒருவன் தில்லைநாயகம். வீட்டின் முதல் பட்டதாரி அவன். சாயங்காலம் வேலையோடு வருவான் என்று அவன் அக்கா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

தவறிவிடாமல் போய்ச்சேர லேப் சார் நடத்திய பாடமே துணை என்று முடிவுசெய்தான். "லிங்க்டு லிஸ்ட்னா சங்கிலி மாதிரி. அதுல அவனவனுக்குப் பின்னால இருக்கறவனை மட்டும் தெரிஞ்சாப் போதும். ஒருத்தன் கழண்டா, தன் பின்னால இருக்கறவனை முன்னால இருக்கறவன்கிட்ட ஒப்படைக்கணும். இல்லேன்னா வால் தொலைஞ்சிடும். அடிக்கடி வர்ற வேலையை மேக்ரோவா எழுதுங்க. அதோட பேர் வர்ற இடத்துல எழுதினதை அப்படியே ஒட்டும். யோசிக்காது."

ஆகவே பஸ்ஸில் தில்லைநாயகம், அந்தோணி, முகைதீன், வேம்பு என ஒருவன் பின் ஒருவனாக உட்கார்ந்தார்கள். அந்தோணிக்கு பஸ் வாடையே ஆகாது. அதனால் தில்லைநாயகம் தாளில் எழுதினான்: 'கழற்று என்றால்: பின்னால் இருப்பவனை ஒப்படை. பஸ்ஸை விட்டு இறங்கு.' அதன் கீழே: 'வாந்தி வந்தால் கழற்று.'

பாதி வழியில் வேம்பு கேட்டான்: "எழுதினாப் போதுமா? ஓட்டிப் பார்க்க வேணாமா?"

மேக்ரோவை ஒட்டி உரக்கப் படித்தார்கள். 'வாந்தி வந்தால் பின்னால் இருப்பவனை ஒப்படை. பஸ்ஸை விட்டு இறங்கு.'

"எனக்கு வாந்தி வரலையே," என்றான் முகைதீன்.

"சி மொழியில 'வந்தால்'னா அடுத்த ஒரே ஒரு கட்டளையைத்தான் கட்டும். அது முதல் வரிக்குத்தான்டா," என்றான் தில்லைநாயகம். " ரெண்டாவது வரியில வாந்தியே இல்லை பாரு."

"ஆமா, இல்லை."

நால்வரும் கருவேலங்காட்டில் இறங்கினார்கள். பஸ் போய்விட்டது.

"பிரேஸ் போட மறந்துட்டேன்டா!" தலையில் அடித்துக்கொண்ட தில்லைநாயகம், இரண்டு வரிகளையும் சேர்த்து வளைந்த அடைப்புக்குறிக்குள் பூட்டினான். இனி வாந்தி வந்தவன் மட்டுமே இறங்க முடியும்.

அடுத்த பஸ் ஒன்பது ஐம்பதுக்குத் திருச்சியைத் தொட்டது. எதிர்ச்சாரியிலேயே அந்தக் கம்பெனியின் பலகை.

"கடைசி ஸ்டாப். இறங்குங்க தம்பி," என்றார் கண்டக்டர்.

தில்லைநாயகம் தாளைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். "யாருக்காவது வாந்தி வருதாடா?"

மூவரும் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்கள். "வரலையே."

"பொய்யா வாந்தி எடுத்தா?" என்றான் வேம்பு.

"சேச்சே, புரோகிராமையே ஏமாத்துவியா?"

"அப்ப ஜெயங்கொண்டத்துக்கு நாலு டிக்கெட் எடுங்க," என்றார் கண்டக்டர். எடுத்தார்கள். பஸ் திரும்பியது. பலகை மறையும்வரை தில்லைநாயகம் எட்டி எட்டிப் பார்த்தான்.

அதே கருவேலங்காடு வந்தபோது அந்தோணி வாயைப் பொத்தினான். முகைதீனின் கையைப் பிடித்து தில்லைநாயகத்தின் கையில் முறைப்படி ஒப்படைத்துவிட்டு, தனியாக இறங்கினான். பஸ் கிளம்பியது.

தில்லைநாயகத்தின் கண்கள் கலங்கின.

"பார்த்தியாடா! இப்பதான் தப்பில்லாம ஓடுது!"