நல்லபெருமாள் வீட்டு நிலை

“சாமி, என் வீட்டுக்காரி நிலையைக் கழட்ட விடமாட்டேங்கா.”

வந்தவர் உட்காரக்கூட இல்லை. படியேறும்போதே சொல்லிவிட்டார் நல்லபெருமாள்.

ஆற்றங்கரை மண்டபத்தில் சாமி தன் வேட்டியின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

சாமிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நல்லபெருமாளுக்கு அறுபத்திரண்டு. இவர் அவரைச் சாமி என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார். எட்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. இதில் யார் குரு, யார் சிஷ்யன் என்று அம்பாசமுத்திரத்தில் கேலி பேசுகிறவர்களும் உண்டு. நல்லபெருமாள் அதைக் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை.

“எந்த நிலையை அண்ணாச்சி?”

“வாசல் நிலையைத்தான். தேக்கு. எங்க தாத்தா மலையிலேருந்து மரம் இறக்கிச் செஞ்சது. மேல தாமரை, கீழ்ப்படியில பித்தளைக் குமிழு. இன்னைக்கு அப்படி ஒரு நிலை செய்ய ஆள் கிடையாது.”

“வீட்டை வாங்கினவரு கொடுக்க மாட்டேங்காரா?”

“அவருக்கு வீடே வேண்டாம் சாமி. இடிச்சிட்டு அரிசி மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்டப்போறாரு. தாராளமா எடுத்துக்கிடுங்கன்னுட்டாரு. புது வீட்ல கொத்தனாரும் வாசலுக்குச் சரியா அளவு எடுத்து இடம் விட்டு வச்சிருக்காரு. நிலை வந்து நிக்கணும், அவ்வளவுதான். வைகாசி முடிய இன்னும் பத்து நாளு. வைகாசி போனா ஆவணிக்குத்தான் பால் காய்ச்ச முடியும். ஆசாரி மூணு நாளா கடப்பாரையோட வாரான். இவ வாசல்ல நின்னுக்கிட்டு வழிவிட மாட்டேங்கா.”

சாமி ஊசியில் நூல் கோத்தார்.

“ஏன்னு கேட்டீங்களா?”

நல்லபெருமாள் அப்போதுதான் படியில் உட்கார்ந்தார்.

கேட்கவில்லை. மூன்று நாளாகச் சத்தம் போட்டாரே தவிர, கேட்கவில்லை.

*

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லி வைத்த பெரியவர்கள், வீட்டைக் காலி செய்து பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பிறந்த வீட்டிலேயே செத்த புண்ணியவான்கள் போலிருக்கிறது.

பரணிலிருந்து மட்டும் மூடி இல்லாத தூக்குச்சட்டிகள் ஏழு இறங்கின. தூக்குச்சட்டி இல்லாத மூடிகள் பதினொன்று. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார் நல்லபெருமாள். எந்த மூடியும் எந்தச் சட்டிக்கும் சேரவில்லை.

அப்படியானால் இந்தப் பதினொரு மூடிகளின் சட்டிகள் யார் யார் வீட்டில் இருக்கும்? ஒரு வீட்டிலிருந்து குழம்பு போகிறது, சட்டி திரும்பி வருவதில்லை. நாற்பது வருஷக் குடும்பம் என்றால் ஊரெல்லாம் நம் சட்டிகள் இருக்கும் போல. இப்படிக் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசனையோடு சரி. தூக்கிப் போட மனசு வரவில்லை.

அவர் மனைவி சிதம்பரவடிவுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டாள். மின்வாரியத்தில் அவர் வேலை பார்த்த காலத்து டைரிகளும் போயின. அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியும் போயிற்று. அதற்குக்கூட அவள் முகம் சுளிக்கவில்லை.

நல்லபெருமாளுக்கு அதுதான் புரியவில்லை. குப்பையைத் தூக்கிப் போடுகிறாள், சரி. தங்கம் மாதிரி இருக்கிற நிலையையும் விடச் சொல்கிறாளே.

“ஏளா வடிவு.”

“என்ன?”

“நிலையை எடுத்தா உனக்கென்ன?”

சிதம்பரவடிவு தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன வேணும்னாலும் எடுங்க. உங்க ஓட்டைக் குடையைக்கூட எடுத்துக்கிடுங்க. அது மட்டும் அங்க வேண்டாம்.”

“அதான் ஏன்னு கேக்கேன்.”

அவள் கையிலிருந்த தட்டைச் சுற்றி முடித்தாள். இன்னொன்றை எடுக்கவில்லை. எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

*

“சொல்ல மாட்டேங்கா சாமி.”

சாமி இன்றைக்கும் அதே வேட்டியைத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு கிழிசலைத் தைத்தால் பக்கத்தில் இன்னொன்று விடும் வயதான வேட்டி.

“அந்த நிலை வழியா யாரெல்லாம் வந்தாங்க, போனாங்க? சொல்லுங்களேன், கேப்போம்.”

நல்லபெருமாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்த நிலையைப் பற்றிப் பேசச் சொன்னால் அவர் சோறு தண்ணீர் இல்லாமல் பேசுவார்.

“எங்க தாத்தா அதைத் தாண்டித்தான் குடி வந்தாரு. எங்க அப்பா கல்யாணம் முடிச்சு அதுலதான் வலதுகால் வச்சாரு. வடிவு வந்ததும் அது வழியாத்தான். வரும்போது கீழ்ப்படி தடுக்கி விழப்பாத்தா, நான்தான் பிடிச்சேன். ஊரே சிரிச்சுது. அப்புறம் எங்க அப்பாவை அது வழியாத்தான் தூக்கிட்டுப் போனோம். எங்க அம்மாவையும். உலகு பொறந்து, ஆசுபத்திரியிலேருந்து கொண்டாந்து, ஆரத்தி எடுத்ததும் அங்கதான். அவ பள்ளிக்கூடம் போனது, காலேசுக்குப் போனது…”



“அப்புறம்?”

“அப்புறம் போனா.”

“வந்தாளா?”

“வரலை சாமி.” ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வரக்கூடாது.”

உலகம்மாள் அவருக்கு ஒரே மகள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், அப்பாவுக்குப் பிடிக்காத இடத்தில், தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ரொம்பத் தூரம் போய்விடவில்லை. பாலத்தைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி. அங்கேதான் இருக்கிறாள். ஒரு பெண்குழந்தை இருக்கிறதாம். ‘இருக்கிறதாம்’ என்றுதான் நல்லபெருமாளுக்குத் தெரியும்.

“அன்னைக்கு நிலைப்படியில கற்பூரம் ஏத்தினேன். மேல கையை வச்சேன். எங்க குலதெய்வம் சாஸ்தா மேல ஆணையாச் சொன்னேன். இந்த நிலையை உலகு தாண்டக் கூடாதுன்னு.”

“கூடாதுன்னு சொன்னீங்க. இப்பம் வரணும்னு இருக்கா?”

“தெனமும் இருக்கு சாமி.”

சொல்லிவிட்டு அழுதார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அறுபத்திரண்டு வருஷம் நின்ற மனிதர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

சாமி தையலை நிறுத்தவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தார்.

“ஆணையாச்சே சாமி. எங்க சாஸ்தா துடியானவரு. மீறினா அவ பிள்ளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா? அதான் பயந்துக்கிட்டு கிடக்கேன். வடிவும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அஞ்சு வருஷமா கூப்பிடுங்கன்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்ல.”

“இப்பம் சொல்லுதாங்களோ என்னமோ.”

“எங்க சொன்னா? நிலை வேண்டாம்னுதான்…”

நல்லபெருமாள் துண்டைக் கீழே இறக்கினார்.



“அடிப்பாவி” என்றார் மெதுவாக.

பிறகு கோபம் வந்துவிட்டது. புரிந்ததும் கோபப்படுவது அவர் பழக்கம்.

“இந்த நிலைன்னுதானே சொன்னோம், நிலையை இங்கேயே விட்டுட்டா ஆணையும் இங்கேயே கிடக்கும்னு பாக்கா. அப்படித்தானே? இதென்ன கள்ளத்தனம்? சாஸ்தாவை ஏமாத்த முடியுமா சாமி? அவருக்குத் தெரியாதா? நீங்களே சொல்லுங்க!”

சாமிக்கு அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது.

படித்துறை டீக்கடைக்காரர் மகள் பேச்சி, மூன்று வயது, மண்டபத்துக்குள் ஓடிவந்தாள். “சாமி, நான் ஒளிஞ்சிக்கிட்டேன்” என்று கத்தினாள். கத்திவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். பாவாடை பாதி வெளியே தெரிந்தது. ஒரு காலும் தெரிந்தது. கண்களை மட்டும் இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

சாமி ஊசியை வேட்டியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார்.

“பேச்சியைக் காணோமே!”

தண்ணீர்ப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பாயைத் தூக்கி உதறினார். நல்லபெருமாளின் துண்டைப் பிடுங்கி, விரித்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். அந்தத் தூணைச் சுற்றியே இரண்டு தடவை நடந்தார்.

“ஐயோ, பேச்சி ஆத்தோட போயிட்டாளா? டீக்கடைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

தூணுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“இந்தா இருக்கேன்!”

“அட! இங்கனயா இருந்த!”

சாமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பேச்சிக்கு அது போதும். வந்த வேகத்தில் கடைக்கு ஓடிவிட்டாள்.

நல்லபெருமாள் இதையெல்லாம் பொறுமை இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கால் தெரிஞ்சுதே சாமி.”

“தெரிஞ்சுது.”

“பாவாடையும் தெரிஞ்சுது.”

“ஆமா.”

“பின்ன பானைக்குள்ள என்னத்தைத் தேடுதீங்க?”

சாமி உட்கார்ந்து வேட்டியில் குத்திய ஊசியைத் தேடி எடுத்தார்.

“உலகு சின்னப் பிள்ளையில ஒளிஞ்சதே இல்லையா அண்ணாச்சி?”

ஒளியாமலா? தினமும் ஒளிவாள். அவர் கம்பம் ஏறி இறங்கிக் களைத்து வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்து ஒளிவாள். இடமும் ஒன்றுதான், அந்த நிலையில் மாட்டிய தேக்குக் கதவுக்குப் பின்னால். ரிப்பன் கட்டிய ஜடை வெளியே தொங்கும். அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் தொழுவம், கிணற்றடி, மச்சு என்று தேடுவார். ஒரு நாள் காய்ச்சலோடு வந்தும் தேடியிருக்கிறார்.

அவளைவிட அவருக்குத்தான் அது அதிகம் பிடித்திருந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சாமி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

“நீங்க சாஸ்தாவைப் பத்தி என்னமோ கேட்டுக்கிட்டு இருந்தீங்களே?”

நல்லபெருமாள் எழுந்து நின்றிருந்தார்.

“ஒண்ணுமில்ல சாமி” என்றார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

*

வீட்டு வாசலில் ஆறுமுக ஆசாரி கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சிதம்பரவடிவு நிலையின் இரண்டு பக்கமும் கைகளை ஊன்றி நின்றிருந்தாள். ஆசாரிக்குக் காப்பி உண்டு, வழி மட்டும் கிடையாது.

“ஆசாரி, வேம்புல ஒரு நிலை செய்யணும். எட்டு நாள்ல முடியுமா?”

“வேம்பா? எதுக்கு அண்ணாச்சி?”

“புது வீட்டுக்கு.”

“அப்பம் இது?”

“இது இந்த வீட்டு நிலை. வீட்டோட போகட்டும்.”

ஆசாரி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“புத்தி கித்தி பிசகிப்போச்சா உங்களுக்கு? இந்தத் தேக்குக்கு முன்னால வேம்பு நிக்குமா?”

“பூவும் வேண்டாம், தாமரையும் வேண்டாம். ஆளு நுழையுத மாதிரி இருந்தாப் போதும். கீழ்ப்படியை மட்டும் ரொம்ப உசத்தி வைக்காதீரும். சின்னப் பிள்ளைங்க தடுக்கி விழும்.”

ஆசாரி தலையில் அடித்துக்கொண்டு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

சிதம்பரவடிவு அசையவில்லை. கை இரண்டும் நிலையிலேயே இருந்தன. தான் கேட்டது சரிதானா என்று அவளுக்குச் சந்தேகம் போல.

“ஏளா.”

“என்ன?”

“பால் காய்ச்ச யாரையெல்லாம் அழைச்சிருக்கோம்?”

“எல்லாரையும்தான்.”

“எல்லாரையும்னா?”

அவள் நிலையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள். நல்லபெருமாள் எப்போதும்போல அதட்டினார்.

“நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? செருப்பைப் போடு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு விட்டுப்போச்சு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமா போய் அழைக்கணும்ல?”

சிதம்பரவடிவு நிலையை விட்டாள். திரும்பி உள்ளே ஓடினாள்.

தாம்பூலத் தட்டை எங்கே மூட்டைகட்டி வைத்தாளோ, தேடி எடுக்க அரைமணி நேரமாவது ஆகும் என்று நல்லபெருமாள் படியில் உட்காரப் போனார். உட்காருவதற்குள் அவள் வந்துவிட்டாள். கையில் தட்டு. பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழ், இரண்டு வாழைப்பழம், மடித்து வைத்த சின்னச் சிவப்புப் பாவாடை. எல்லாவற்றுக்கும் அடியில் வெற்றிலை, இப்போது கிள்ளியதுபோலப் பச்சையாக இருந்தது.

நல்லபெருமாள் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“இதை எப்பம் எடுத்து வச்ச?”

“இன்னைக்குக் காலையிலதான்” என்றாள் சிதம்பரவடிவு. “நேத்து வச்ச வெத்திலை வாடிப்போச்சு.”