கொம்பையா விடாத பிடி

உடும்பு கொம்பையா ஒருவனுடைய காலைப் பிடித்தால் பிடித்ததுதான். பிடிபட்டவன் கத்தினாலும் விடமாட்டான், கெஞ்சினாலும் விடமாட்டான். ஒன்பது கோடையாக ஆற்றங்கரைக் காட்டின் கபடி அணியில் மூலையில் நின்று பிடிக்கிறவன் அவன்தான்.

சும்மா பொழுதுபோக்குக் கபடி என்று நினைத்துவிடாதீர்கள்! ஆற்றங்கரைக் காட்டுக்கும் மேட்டுக்காட்டுக்கும் நடுவில் ஒரு சுனை இருக்கிறது. கோடையில் ஆறு வற்றினால் இரண்டு காட்டுக்கும் அதுதான் தண்ணீர். சித்திரை பிறந்ததும் இரண்டு அணியும் மோதும். ஜெயித்த காடு அடுத்த சித்திரை வரை காலையில் முதலில் போய்க் குடிக்கும். தோற்ற காடு சாயங்காலம் வந்து மிச்சத்தைக் குடிக்கும். மிச்சம் என்ன இருக்கும்? பாதி சேறு! ஆற்றங்கரை இரண்டு வருஷமாக ஒரு புள்ளி, இரண்டு புள்ளியில் தோற்றிருந்தது. குட்டிகளெல்லாம் சேற்றை நக்கி நக்கி நாக்கு தடித்துக் கிடந்தன.

"இந்த வருஷம் ஜெயிச்சே ஆகணும்!" என்றார் ஆற்றங்கரை அணியின் தலைவர் கொக்கு.

நல்ல பேச்சுதான். ஆனால் ஜெயிக்க அவர் என்ன செய்தார் தெரியுமா? மேட்டுக்காட்டுப் பக்கம் திரிந்துகொண்டிருந்த காட்டுப்பூனை ஒன்றைக் கூட்டிவந்தார். அதற்கு அம்மா வைத்த பெயர் என்னவோ, அது தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மின்னல். ஒரே தாவில் வேலியைத் தாண்டும். தாண்டிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பியும் பார்க்கும்.

அணியில் ஏழு பேர்தான் ஆட முடியும். ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும். கொக்கு ஒரு காக்காயை அனுப்பினார். காக்காய் கொம்பையாவின் பொந்து வாசலில் உட்கார்ந்து, "நாளையிலேருந்து நீ வர வேணாமாம்! தலைவர் சொல்லச் சொன்னாரு!" என்று கத்திவிட்டுப் பறந்துபோனது.

ஒன்பது வருஷம் ஆடியவனுக்கு நேரில் வந்து ஒரு வார்த்தை இல்லை! எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது, கொம்பையாவுக்கு எப்படி இருந்திருக்கும்? அன்று அவன் இரை தேடவே போகவில்லை.

மறுநாள் காலையில் மேட்டுக்காட்டு அணியின் தலைவர் கரடி, வாயெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"கொம்பையா! கேள்விப்பட்டேன்பா. வயிறு எரிஞ்சுது! நீ எங்ககிட்ட வந்துடு. சுனைக்குப் பக்கத்துலயே உனக்கு ஒரு பாறைப் பொந்து. உன் குடும்பம் இன்னைக்கே வந்து முதல் தண்ணி குடிக்கலாம்!"

"என் காட்டை எதிர்த்து நானே ஆடறதா?" என்றான் கொம்பையா.

"உன் காடா? உன்னைக் காக்காகிட்ட சொல்லி அனுப்பின காடா? விசுவாசம் அது இதுன்னு பேசறதெல்லாம் அந்தக் காலம்பா! எங்க கலைமானைப் பாரு. முந்தின வருஷம் மூங்கில் காட்டுக்கு ஆடினான், போன வருஷம் வடக்குக் காட்டுக்கு ஆடினான், இப்ப எங்களுக்கு ஆடறான். கெட்டா போயிட்டான்?"

"யோசிக்கிறேன்" என்றான் கொம்பையா. கரடி சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

உள்ளேயிருந்து மனைவி தெய்வானை வந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று குஞ்சுகள். மூன்றுக்கும் உதடு வெடித்திருந்தது.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு?" என்றாள் தெய்வானை. "அவங்க உங்களை வேணாம்னுட்டாங்க. இவங்க வாங்கன்றாங்க. புள்ளைங்க நாக்கைப் பாருங்க! மானம் ரோஷம் உள்ளவனா இருந்தா இப்பவே கிளம்புவான்!"

அந்த நேரம் பார்த்து முயல் பவளம் மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஆற்றங்கரை அணியில் எதிராளி பக்கம் பாடிப்போவதில் அவளை விட்டால் ஆள் இல்லை.

"போ அண்ணே, போ!" என்றாள் அவள். கோபத்தில் மீசை துடித்தது. "அந்தக் கொக்கு உனக்குச் செஞ்சது அநியாயம்! நீ போனா நானும் வர்றேன். நாளைக்கு என் கால் மடங்கினா எனக்கும் ஒரு காக்காதானே வரும்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

கொம்பையா கொஞ்ச நேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். பிறகு தன் கடைசிக் குஞ்சைக் காட்டி, "தெய்வானை, மூணு வருஷத்துக்கு முன்னால இவளை வெள்ளம் அடிச்சிட்டுப் போச்சே, அப்ப இவளை எட்டிப் பிடிச்சது யாரு?" என்று கேட்டான்.

தெய்வானை பவளத்தைப் பார்த்தாள்.

"பவளத்தோட காதைப் பிடிச்சது யாரு? கீரி. கீரி வாலைப் பிடிச்சது யாரு? குரங்கு. குரங்கு என் வாலைப் பிடிச்சுது, நான் கரையில ஆலம்வேரைப் பிடிச்சேன். எவனாவது ஒருத்தன் விட்டிருந்தா நமக்கு இன்னைக்கு ரெண்டு குஞ்சுதான். அப்ப கொக்கு எங்க இருந்தாரு? மேல பறந்துக்கிட்டு இருந்தாரு! தலைவருங்க வருவாங்க, போவாங்க. எனக்கு அணின்னா அந்த வாலுங்கதான்."

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் ஆற்றங்கரை அணிக்கு ஒரு பழக்கம் வந்தது. எதிராளி உள்ளே பாடிவந்தால் ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு சங்கிலியாக நிற்பார்கள். மூலையில் கொம்பையா, அவன் வாலைப் பிடித்துக்கொண்டு பவளம். பவளத்துக்கு வால் இத்துனூண்டு என்பதால் கீரி அவள் காதைப் பிடிப்பான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். மாட்டினவனுக்குத்தான் சிரிப்பு வராது!

"அவங்க உங்களை ஆடவே விடலையேங்க!" என்றாள் தெய்வானை. அவள் கண் கலங்கியிருந்தது.

"விட்டது கொக்கு. நான் விடலை" என்றான் கொம்பையா. "ஆட விடலைன்னா கோட்டுக்கு வெளியே நிக்கிறேன். நின்னு என் பிடியைப் பழகுறேன்."

தெய்வானை கடைசிக் குஞ்சைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். "பிடிச்சா விடவே மாட்டீங்களே! போங்க, வெயில் ஏறறதுக்குள்ள போய்ப் பழகுங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து கொம்பையா தினமும் மைதானத்துக்கு வந்தான். கோட்டுக்கு வெளியே ஒரு புளியமரத்து வேர். அதைப் பாய்ந்து பிடிப்பான், பிடித்தபடி நூறு எண்ணுவான், விடுவான், மறுபடி பிடிப்பான்.

மின்னல் பூனை மீசையை முறுக்கிக்கொண்டு, "என்ன தாத்தா, வேர் ஓடிப்போயிடுமா?" என்று கேட்டது.

"அது ஓடாது. நீ ஓடாம இருக்கியான்னு பாரு" என்றான் கொம்பையா.

மின்னலுக்கு இன்னொரு விஷயத்திலும் ரோஷம் அதிகம். "என் வாலை யாரும் தொடக் கூடாது!" என்று முதல் நாளே சொல்லிவிட்டது. "இவ்வளவு அழகான வாலைப் பிடிச்சு இழுக்கிறதா? நான் தனியாவே பிடிப்பேன்!" கொக்கும் தலையாட்டிவிட்டார். அங்கேதான் அவர் முட்டாள்தனம் முழுசாக வெளியே வந்தது. வால் சங்கிலியில் ஒரு கண்ணியை அவரே கழற்றிவிட்டார்.

ஆட்ட நாள் வந்தது. இரண்டு காடும் திரண்டுவிட்டன. நடுவர் ஆமை கோட்டின் மேல் உட்கார்ந்தார். மேட்டுக்காட்டுக் கலைமான், "கபடி! கபடி! கபடி!" என்று பாடிக்கொண்டு பாய்ந்தான். மின்னல் ஒரு தாவு தாவியது. ஆஹா, என்ன அழகு! ஆனால் கலைமான் கொம்பை லேசாக ஆட்டினதும் பூனை விலகிக்கொண்டது. கலைமான் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும் அப்படியே!

பாதி ஆட்டம் முடிந்தபோது மேட்டுக்காட்டுக்குப் பதினேழு, ஆற்றங்கரைக்குப் பத்து.

"ஏன் விலகுறே? பிடி!" என்று பவளம் பூனையிடம் கத்தினாள்.

"பிடிச்சா எனக்கு அடிபடும்! அடுத்த வருஷம் நான் மேட்டுக்காட்டுக்கு ஆடணும். கரடிகிட்டப் பேசியாச்சு. கலைமான் நாளைக்கு எனக்குக் கூட்டாளி!" என்றது மின்னல். சொல்லிவிட்டு, "எனக்குக் கால் வலிக்குது, நான் கிளம்பறேன்" என்று எழுந்து போயே போய்விட்டது. வால் மட்டும் நிமிர்ந்தபடி இருந்தது.

எதிர்ப்பக்கம் கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூனையைக் கொக்கின் கண்ணில் படும்படி உலவவிட்டதே அவர்தான் என்று கொக்குக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்போது கொக்கு காக்காயை அனுப்பவில்லை. அவரே நடந்துவந்தார், புளியமரத்து வேருக்கு. இரண்டு காடும் பார்த்துக்கொண்டிருந்தன.

"கொம்பையா" என்றார். நீண்ட கழுத்து தாழ்ந்திருந்தது. "நான் பண்ணினது தப்பு. உன் மூஞ்சியைப் பார்த்துப் பேசத் தைரியமில்லாமத்தான் காக்காயை அனுப்பினேன். வந்து ஆடுப்பா."

"போகாதே கொம்பையா!" என்று கரடி கத்தினார். "அவன் காரியம் ஆனதும் உன்னைத் தூக்கி எறிஞ்சுடுவான்!"

"கரடி சொல்றதும் சரிதான் தலைவரே" என்றான் கொம்பையா. "அதனால எனக்கு ஒரு வாக்குக் குடுங்க. இனிமே யாரை எடுத்தாலும் நேர்ல வந்து சொல்லணும். ஆட்டத்துல அடிபட்டவனை, அவன் எந்திரிச்சு நடக்கிற வரைக்கும் அணிதான் சோறு போட்டுப் பார்க்கணும். எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லுங்க!"

கொக்கு கழுத்தை நிமிர்த்திக் காடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கொம்பையா கோட்டுக்குள் இறங்கினான்.

பவளம் ஓடிவந்து அவன் வாலைப் பிடித்தாள். கீரி அவள் காதைப் பிடித்தான். குரங்கு கீரியின் வாலைப் பிடித்தது. சங்கிலி நின்றது. பிறகு என்ன? உள்ளே வந்தவன் ஒவ்வொருவனாக மாட்டினான்! பதினேழுக்குப் பதிமூன்று. இருபதுக்குப் பதினெட்டு. இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு!

கடைசிப் பாட்டு. கலைமான் வந்தான். அவன் யாரையாவது தொட்டுக் கோட்டுக்குத் திரும்பினால் மேட்டுக்காடு ஜெயிக்கும். மாட்டினால் ஆற்றங்கரை ஜெயிக்கும்.

"கபடி! கபடி! கபடி!"

கலைமானின் குளம்பு கொம்பையாவின் தோளில் பட்டது. அதே நொடியில் கொம்பையா அந்தக் காலை நகம் பதிய இறுக்கிப் பிடித்தான். கலைமான் உதறினான். பாய்ந்தான். ஏழு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டை நோக்கிப் போனான்! மண் பறந்தது. கொம்பையாவின் நகம் ஒன்று பெயர்ந்தது.

"விடாதே அண்ணே!" என்று பவளம் அலறினாள்.

"நீ என் வாலை விடாதே!" என்றான் கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு.

கோட்டுக்கு வெளியே நின்ற தெய்வானை குஞ்சுகளோடு கத்தினாள், "விடாதீங்க! விடாதீங்க!"

கோட்டுக்கு ஒரு முழம். அரை முழம். ஒரு சாண். "கபடி... கப... க..." கலைமானின் மூச்சு அறுந்தது. அவன் மூக்கு கோட்டுக்கு இந்தப் பக்கமே மண்ணில் பதிந்தது.

"ஆற்றங்கரை!" என்றார் நடுவர் ஆமை.

மேட்டுக்காட்டு அணியில் அடுத்த நிமிஷமே சண்டை தொடங்கிவிட்டது. "நான் வேற காட்டுக்குப் போறேன்!" என்றான் கலைமான். "போ, எவன் உன்னைத் தடுத்தான்?" என்றார் கரடி. விழுந்து கிடந்த கலைமானைத் தூக்கிவிடக்கூட ஒரு கை வரவில்லை. கடைசியில் கொம்பையாதான் போய்த் தோள் கொடுத்தான்.

மறுநாள் காலை. சுனை நிறையத் தெளிந்த தண்ணீர். கொக்கு பழக்கதோஷத்தில் முன்னால் போய் அலகை நீட்டினார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து, குட்டிகளுக்கு வழிவிட்டார். மான்குட்டிகள், முயல்குட்டிகள், கொம்பையாவின் மூன்று குஞ்சுகள், எல்லாம் மூக்கு நனைய நனையக் குடித்தன.

கொம்பையாவால் வரமுடியவில்லை. பெயர்ந்த நகம் வீங்கி, பொந்திலேயே படுத்திருந்தான். வாசலில் நிழல் தட்டியது. தெய்வானை எட்டிப் பார்த்தாள். கொக்கு நின்றுகொண்டிருந்தார். தனியாக, நேரில். அலகில் ஒரு தாமரை இலை, இலை நிறையத் தண்ணீர். ஒரு சொட்டு சிந்தாமல் அவ்வளவு தூரம் நடந்தே வந்திருந்தார்.

ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தால் எந்த விசுவாசமும் ஒருநாள் கைநழுவிப் போகும். அணி வீரனையும் வீரன் அணியையும் விடாமல் பிடித்திருந்தால்தான் காடே தண்ணீர் குடிக்கும்.