வானொலியில் வராத பாதி

உப்பளத்தில் உப்பு வாரும் செல்லக்கனி பதினொரு வருஷமாகப் பாட்டு கற்றுக்கொள்கிறாள். ஆனால் தன் குருவின் முகத்தை அவள் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அரசு வானொலியில் அரை மணி நேரம் இசைப் பாடம் வரும். பூங்கோதை டீச்சர் ஒரு வரி பாடுவார். "இப்போ நீங்க" என்பார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வானொலியில் சத்தமே இருக்காது. செல்லக்கனி வரப்பில் நின்று அந்த வரியைத் திருப்பிப் பாடுவாள். சரியாகப் பாடினோமா என்று கேட்க ஆளில்லை. அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு டீச்சர் என்று யாரையும் போட்டதே கிடையாது.

ஒரு ஞாயிறு, பாடத்தின் முடிவில் அறிவித்தார்கள். அரசு நிதி நிற்கப்போகிறது. நிகழ்ச்சி தொடர்வது சந்தேகம். கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் புதன்கிழமை நேரில் வரலாம்.

செல்லக்கனி அன்றைய வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வானொலி நிலைய வாசலில் ஒரு பெண் காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். செல்லக்கனியைவிடப் பத்து வயதாவது இளையவர். குரலைக் கேட்டதும் செல்லக்கனி நின்றுவிட்டாள்.

"நீங்க பூங்கோதை டீச்சர்தானே?"

"ஆமா. அக்கா யாரு?"

"நான் உங்ககிட்ட பாட்டு படிக்கேன்."

பூங்கோதை காவலாளியை விட்டுவிட்டு அவள் அருகில் வந்தார்.

"டீச்சர், உள்ள என்ன சொல்லணும்? எனக்குப் பேச வராது."

"பேச வேண்டாம். என் பக்கத்துல வந்து உட்காருங்க."

விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். பதிவுகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டே வந்திருந்தார்.

"அம்மா, பாதி நேரம் ஒண்ணுமே கேட்கலையே. அதுக்கு எப்படி மக்கள் வரிப்பணத்தைக் கேட்கிறது? ஆசை உள்ளவங்க கட்டணம் கட்டிக் கத்துக்கலாமே?"

பூங்கோதை ஒரு வரி பாடினார்.

"இப்போ நீங்க" என்று நிறுத்தினார்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். உப்புக்காற்றில் காய்ந்த குரல். ஒரு இடத்தில் சுருதி விலகியது.

"அந்த இடம் இன்னும் கொஞ்சம் கீழே" என்றார் பூங்கோதை.

அவள் மறுபடி பாடினாள். இத்தனை வருஷமும் தப்பாகவே பாடிவந்த இடம் அது. இப்போது சரியாக வந்து உட்கார்ந்தது.

"எங்க கத்துக்கிட்டீங்கம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"உப்பளத்துல, சார்."

"அங்க வந்து யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

செல்லக்கனி யோசித்தாள்.

"கவர்மெண்டுதான், சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு வருஷத்துக்குத் தரச்சொல்லி எழுதுறேன். அதுக்கு மேல என் கையில இல்லை."

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பஸ் வரும்வரை பேசிவிட வேண்டும் என்று செல்லக்கனிக்கு இருந்தது. பதினொரு வருஷத்துக் கேள்விகள். ஒன்றுதான் வாயில் வந்தது.

"டீச்சர், என்னை மாதிரி எத்தனை பேர் பாடுதாங்க?"

"தெரியாதுக்கா. யார் குரலும் எனக்குக் கேட்டதில்லை. இன்னிக்குத்தான் முதல் தடவை."

"யாருன்னே தெரியாம, நாங்க பாட எவ்வளவு நேரம் விடணும்னு எப்படி முடிவு பண்ணுவீக?"

தூரத்தில் பஸ் திரும்பியது. பூங்கோதை அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கயோ ஒருத்தர் ரொம்ப மெதுவாப் பாடுறாருன்னு நினைச்சுக்குவேன். அவர் முடிக்கட்டும்னு இருப்பேன்."